ஒரு பரலுக்கு மூன்று போத்தல்: பாவித்த ஒயிலைச் சோதிக்கக் கொடுத்த அனுபவம்

பாவித்த ஒயிலைச் சோதிக்கக் கொடுத்த ஆய்வுகூடத்துக்கு நான் போடுவது ஐந்துக்கு மூன்றரை. மெஷினுக்கு ஐந்து, கவுண்டருக்கு இரண்டு, கூட்டிப் பிரித்தால் வருவது அதுதான். இடத்தின் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே எனக்கும் அவர்களுக்கும் ஒருநாள் வாய்த்தர்க்கம் நடந்தது, இதை வாசித்துவிட்டு யாரும் போய் அவர்களை ஏச வேண்டாம், என்னையும் ஏச வேண்டாம். ஆனால் கொழும்பில் பாவித்த ஒயில் சேர்க்கிறவர்கள், கராஜ் நடத்துகிறவர்கள், படகு வைத்திருப்பவர்கள் யாராவது ஒரு போத்தலைத் தூக்கிக்கொண்டு ஆய்வுகூடம் எதற்காவது போகிற யோசனையில் இருந்தால் முதலில் இதை வாசித்துவிடுங்கள், ஒரு சோதனைக்கான காசாவது மிஞ்சும்.

நான் பஞ்சிகாவத்தை, மாளிகாவத்தை, கிராண்ட்பாஸ் பக்கத்துக் கராஜ்களில் கழற்றி ஊற்றுகிற கறுப்பு ஒயிலை வாங்கிச் சேர்த்து மொத்தமாக விற்கிற ஆள். அப்பா செய்த தொழில். அவர் காலத்தில் இதற்குக் கடதாசி எதுவும் கேட்கவில்லை, ஒரு தள்ளுவண்டியும் நாலு பரலும் இருந்தால் போதும். 2008-இல் வந்த ஒழுங்குவிதிகளுக்குப் பிறகு பாவித்த ஒயில் ஆபத்தான கழிவுப் பட்டியலில் இருக்கிறது, மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் சேர்க்கவும் கூடாது, ஏற்றவும் கூடாது. பத்தரமுல்லையில் இருக்கிற அவர்களின் அலுவலகத்துக்கு எத்தனை தரம் ஏறி இறங்கினேன் என்பது வேறு கதை. சேர்த்தது எங்கே போகிறது என்று பலர் கேட்பார்கள். ஒரு பகுதி எரிபொருளாகப் போகிறது, புத்தளத்துச் சீமெந்துச் சூளையில்கூட பாவித்த ஒயிலை எரிக்கிறார்கள். இன்னொரு பகுதியைச் சுத்திகரித்து மறுபடி ஒயிலாக்க வாங்குவார்கள். எரிக்கிறவனுக்கு ஒரு கணக்கு, சுத்திகரிக்கிறவனுக்கு இன்னொரு கணக்கு. இருவருக்கும் பொதுவாகப் பிடிக்காதவை இரண்டு, தண்ணீரும் குளோரீனும்.

தண்ணீரைக் கண்டுபிடிக்க அப்பாவிடம் ஒரு வழி இருந்தது. ஓடி நின்ற லொறியின் சைலன்சர் குழாயில் ஒரு சொட்டு விடுவார். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் எப்படித் துள்ளுமோ அப்படித் துள்ளினால் தண்ணீர் உண்டு, சும்மா புகைந்து அடங்கினால் இல்லை. சிரிக்காதீர்கள், இதே சோதனையைத்தான் ஆய்வுகூடத்தில் ஒரு சூடான தட்டை வைத்துச் செய்கிறார்கள், தட்டின் சூட்டை அளந்து வைத்திருப்பது ஒன்றுதான் வித்தியாசம். அதன்பிறகு இரு விரலுக்கிடையில் தேய்த்துப் பார்ப்பார், மணந்து பார்ப்பார், பெற்றோல் வாசம் வந்தால் அந்தக் கராஜ்காரரிடம் விலையைக் குறைப்பார். மூக்குக்கும் விரலுக்கும் எட்டியது அவ்வளவுதான். குளோரீனை எந்த மூக்காலும் அளக்க முடியாது, அங்கேதான் எனக்கு அடி விழுந்தது.

நடந்தது இதுதான். முகத்துவாரத்தில் நாள்கணக்கில் கடலில் நிற்கிற படகுகள் வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடமிருந்து ஒரு பரல் வந்தது. கராஜ் ஒயிலோடு கலக்காமல் தனியாக விற்றேன். வாங்குகிறவர்கள் தங்கள் ஆளை அனுப்பி மாதிரி எடுத்தார்கள், இரண்டு நாளில் போன் வந்தது: குளோரீன் ஆயிரத்துக்கு மேலே, எடுக்க முடியாது, திரும்ப ஏற்றிக்கொண்டு போங்கள். ஆயிரம் என்பது ஆயிரம் பிபிஎம், அதாவது பத்து இலட்சம் பங்கில் ஆயிரம் பங்கு. சுவரில் ஒட்டி வைத்திருக்கிற அவர்களுடைய அட்டவணை அமெரிக்கச் சுற்றாடல் விதிகளிலிருந்து எடுத்தது. அந்த நாட்டில் பாவித்த ஒயிலில் குளோரீன் வகைகள் மொத்தம் ஆயிரம் பிபிஎம்மைத் தாண்டினால், இதில் யாரோ கழிவுக் கரைப்பானை ஊற்றியிருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று நிரூபிப்பது ஒயில்காரனின் பொறுப்பு. எரிபொருளாக விற்பதற்கு ஆசெனிக் 5, கட்மியம் 2, குரோமியம் 10, ஈயம் 100 பிபிஎம் என்று உலோகங்களுக்கும் எல்லை உண்டு. இந்த எண்கள் எனக்கு இப்போது பிள்ளைகளின் பிறந்தநாள் போல மனப்பாடம், அன்றைக்கு எதுவும் தெரியாது. எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று, விலையைக் குறைக்க நாடகம் ஆடுகிறார்கள் என்று.

சரி, நாமும் ஒரு ரிப்போர்ட் எடுத்துக்கொண்டு போய் முகத்தில் எறிவோம் என்றுதான் ஆய்வுகூடத்துக்குப் போனேன்.

கட்டடம் நல்ல கட்டடம், ஏசி, தண்ணீர் குடிக்க வைத்திருக்கிறார்கள். கவுண்டரில் இருந்த மிஸ் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் நீட்டிய படிவம் இரண்டு பக்கம், முழுக்க ஆங்கிலம். சிங்களத்திலும் இல்லை, தமிழிலும் இல்லை. எனக்கு ஆங்கிலம் கடை போர்டு வாசிக்கிற அளவுக்கு வரும். எந்தெந்தச் சோதனை வேண்டும் என்று கட்டம் போட்டிருந்தது, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அமெரிக்கத் தர எண், டி445, டி5185, டி6304 என்று. மருந்துக்கடையில் போய் உங்களுக்கு எந்தக் குளிசை வேண்டும் நீங்களே தெரிவுசெய்யுங்கள் என்று சொன்ன மாதிரி. பக்கத்தில் நின்ற ஒரு பொடியன், ஏதோ ஹோட்டலின் ஜெனரேட்டர் ஒயிலைக் கொண்டுவந்தவன், அவன்தான் சிங்களத்தில் சொல்லித் தந்தான். டி445 ஒயிலின் தடிப்பைக் காட்டுகிற பிசுக்குமை, டி5185 உலோகங்கள், டி6304 தண்ணீர் என்று. நானும் குளோரீன், தண்ணீர், உலோகங்கள் மூன்றுக்கும் அடையாளம் போட்டேன். அந்த மூன்றுக்கும் சேர்த்துக் கட்டிய காசில் நல்ல சிந்தெடிக் ஒயில் நாலு லீட்டர் கான் இரண்டு வாங்கலாம். போத்தலை வாங்கி ஸ்டிக்கர் ஒட்டி உள்ளே வைத்தார்கள். எப்படி எடுத்தீர்கள், எங்கிருந்து எடுத்தீர்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து வேலைநாள் என்றார்கள், பதினொன்று ஆனது. நடுவில் ஒரு போயா, ஒரு சனி ஞாயிறு, பிறகு மெஷினுக்கான ஆகன் வாயுச் சிலிண்டர் முடிந்துவிட்டதாம். சிலிண்டர் முடிவதில் தவறில்லை, காஸ் முடியாத வீடு எது, ஆனால் ஒரு வட்ஸ்அப் போட்டிருக்கலாம். நான்தான் மூன்று தரம் போன் எடுத்தேன்.

அந்த ஆகனைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த இடத்துக்கு நான் ஐந்து போட்டது அதற்காகத்தான். இரண்டாம் முறை போனபோது காத்திருக்கிற இடத்துக் கண்ணாடி வழியாக அந்த மெஷினைக் காட்டினார் உள்ளே வேலை செய்கிற ஒருவர். ஒயிலை மண்ணெண்ணெய் மாதிரியான ஒரு திரவத்தில் கரைத்து, புகைபோலத் தூவி, ஆகன் வாயுவில் எரிகிற ஒரு சின்னச் சுடருக்குள் விடுகிறார்கள். சுடர் என்று சொன்னாலும் அது நெருப்பு இல்லை, சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடான ஒன்று. அதற்குள் போகிற ஒவ்வொரு உலோகமும் தனக்கென்று ஒரு நிறத்தில் ஒளிரும், தீபாவளி மத்தாப்பில் பச்சையும் சிவப்பும் வருவது போல. எந்த நிறம், எவ்வளவு பிரகாசம் என்று பார்த்து இரும்பு இவ்வளவு, செம்பு இவ்வளவு என்று எண் வருகிறது. இருபது உலோகத்துக்கு மேல் ஒரு நிமிட வேலை. ஆனால் ஒரு குறை உண்டு, அவரே சொன்னார்: உலோகத் துகள் சில மைக்ரோனுக்கு மேல் பெரிதாக இருந்தால் சுடருக்குள் முழுதாக ஆவியாகாது, எண்ணில் வராது. பேரிங் உடைந்து கண்ணுக்குத் தெரிகிற மாதிரித் துண்டு துண்டாக மினுங்குகிற ஒயிலில்கூட ரிப்போர்ட் அமைதியாக இருக்கலாம். எஞ்சினின் உடல்நலம் பார்க்கக் கொடுக்கிறவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் ரிப்போர்ட் வந்தது. ஒரு பக்கம், ஓர் அட்டவணை, கீழே இரண்டு கையொப்பம். தண்ணீர் 0.3 வீதம். குளோரீன் 210. நான் துள்ளிக் குதித்தேன். ஆயிரத்துக்கு மேலே என்று சொன்னவர்களிடம் அந்தத் தாளைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன், கொஞ்சம் பலமாகவே வைத்தேன். அவர்கள் தங்களுடைய தாளை எடுத்து என் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அதே பரல். அவர்களுடையது 1,150, என்னுடையது 210. பக்கத்தில் நின்ற அவர்களுடைய நானா ஒருவர், வயதானவர், "தம்பி, நீங்க எதால எடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டார். எதால் எடுப்பது, மூடியைத் திறந்து பிளாஸ்டிக் கோப்பையால் அள்ளினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சிரித்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு நேரே ஆய்வுகூடத்துக்குப் போய், உங்கள் மெஷின் பிழை, காசைத் திருப்பித் தாருங்கள் என்று சத்தம் போட்டேன். கவுண்டர் மிஸ் ரிப்போர்ட்டின் அடியில் எறும்பு அளவு எழுத்தில் இருந்த ஒரு வரியைப் பேனையால் காட்டினார். எனக்கு மொழிபெயர்த்தும் சொன்னார்: இந்த முடிவுகள் எங்களிடம் ஒப்படைக்கப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும். அதாவது அவர்கள் சோதித்தது என் போத்தலை, என் பரலை அல்ல. சட்டப்படி அவர்கள் சொன்னது சரி, எல்லா ஆய்வுகூடமும் அந்த வரியைப் போடும். ஆனால் அந்த வரியை அடியில் அச்சடிக்கத் தெரிந்தவர்களுக்கு, போத்தலை வாங்கும்போது "ஐயா, பரலின் அடிவரை எடுத்தீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லையே. கவுண்டருக்கு இரண்டு என்றது இதற்குத்தான், ஆங்கிலப் படிவத்துக்குக்கூட அல்ல.

பரலின் கணக்கைச் சொல்கிறேன், பார்த்தால் புரியும். ஒரு பரல் சுமார் 210 லீட்டர், அகலம் அடிக்கணக்கில் இரண்டுக்குக் கொஞ்சம் குறைய. அதற்குள் பத்து லீட்டர் தண்ணீர் இருந்தால் அடியில் நாலு சென்டிமீட்டர் உயரத்துக்கு நிற்கும், மூன்று விரற்கடை இருக்காது. மேலே எண்பது சென்டிமீட்டருக்குக் கிட்ட ஒயில். கோப்பையால் மேலே அள்ளுகிறவன் ஆயிரம் தரம் அள்ளினாலும் அந்தத் தண்ணீரைத் தொடப் போவதில்லை. சாம்பாரை மேலால் அகப்பையில் எடுத்துவிட்டுப் பருப்பே போடவில்லை என்று சொல்கிற கதைதான்.

இரண்டாவது போத்தலுக்கு அந்த நானா சொல்லித் தந்தபடி செய்தேன். ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூட நீளமான சுத்தமான பிளாஸ்டிக் குழாய், இரண்டு பக்கமும் திறந்தது. மேல்வாயைத் திறந்தபடி மெதுவாக அடிவரை இறக்க வேண்டும், அவசரப்பட்டால் வெளியே இருக்கிற மட்டமும் குழாய்க்குள் இருக்கிற மட்டமும் ஒன்றாக வராது. அடியைத் தொட்டதும் மேல்வாயைப் பெருவிரலால் இறுக்கி மூடிக்கொண்டு தூக்கினால், பரலின் மேலிருந்து அடிவரை இருந்தது அப்படியே வரிசை குலையாமல் குழாய்க்குள் வரும். தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்தேன். கறுப்பு, கறுப்பு, கறுப்பு, கீழே கொஞ்சம் சாம்பல் நிறத்தில் பால் ஊற்றிய மாதிரி ஒரு துண்டு, அதற்கும் கீழே கலங்கிய தண்ணீர். அதைப் பார்த்தபோதே எனக்கு ஆய்வுகூடக்காரர் மேல் இருந்த கோபம் பாதி இறங்கிவிட்டது. நாலைந்து தரம் எடுத்து ஒன்றாகக் கலந்து போத்தலில் விட்டேன், கழுத்துவரை நிரப்பாமல் கால்வாசி வெற்றிடம் விட்டு, அவர்கள் குலுக்குவதற்கு.

இரண்டாவது ரிப்போர்ட்: தண்ணீர் 5.4 வீதம், குளோரீன் 1,180. வாங்குகிறவர்கள் சொன்னது சரிதான். நாடகம் ஒன்றும் இல்லை.

ஆனால் அந்தக் குளோரீன் எங்கிருந்து வந்தது? கரைப்பானா? கராஜ்களில் பிரேக் கழுவுகிற ஸ்பிரே சிலவற்றில் குளோரீன் உண்டு, கழுவின தண்ணீரையும் ஒயில் தட்டத்தையும் ஒரே பரலில் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். லேத் கடைகளின் வெட்டு ஒயில் சிலதிலும் உண்டு. இதைத்தான் ஆய்வுகூடத்தில் கேட்டேன், விளக்கம் தருவதில்லை, முடிவு மட்டும்தான் தருவோம் என்றார்கள். அண்ணன் சத்தியம் பண்ணுகிறார், படகில் பிரேக் எங்கே இருக்கிறது, ஸ்பிரேக்கு என்ன வேலை என்று.

பதில் சொன்னது வெள்ளவத்தையில் உயர்தரப் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் டியூஷன் கொடுக்கிற அக்காவின் மகள். தாளை வாங்கிப் பார்த்தாள், குளோரீன் வரியை விட்டுவிட்டு உலோக வரிசையில் விரலை ஓட்டினாள். "மாமா, சோடியம் 560 இருக்கு, பார்த்தீங்களா? மக்னீசியம் 82." பார்த்தேன், ஆனால் அதற்கு என்ன என்று தெரியவில்லை. மற்றப் பரல்களின் பழைய ரிப்போர்ட் ஏதும் இருக்கிறதா என்று கேட்டாள், வாங்குகிறவர்கள் எப்போதோ தந்த ஒன்று இருந்தது, அதில் சோடியம் 20, மக்னீசியம் 15. பிறகு கொப்பியின் பின் பக்கத்தில் கணக்குப் போட்டாள். கடல் தண்ணீரில் குளோரைட்டாக இருக்கிற குளோரீன் சுமார் 19,000 பிபிஎம், சோடியம் சுமார் 10,800, மக்னீசியம் 1,300க்குக் கிட்ட. இந்தப் பரலில் தண்ணீர் 5.4 வீதம். 19,000-இல் 5.4 வீதம் 1,026. சோடியத்துக்கு 583. மக்னீசியத்துக்கு 70, அதோடு ஒயிலிலேயே இருக்கிற 15 சேர்த்தால் 85. தாளில் இருப்பது 560-உம் 82-உம். குளோரீனில் மிஞ்சுவது 150 சொச்சம், அது ஒயிலுக்கே உரியது. "இது கரைப்பான் இல்ல மாமா, உப்புத் தண்ணி. கரைப்பான் என்றா குளோரீன் ஏறும், சோடியம் ஏறாது."

எனக்கு அப்போது வந்த சந்தோசத்தை எழுத முடியாது. படகின் அடித்தளத்தில் தேங்குகிற தண்ணீரும் ஒழுகின ஒயிலும் ஒன்றாகி, அதைப் பம்ப் பண்ணி அண்ணனின் ஆட்கள் பரலில் விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். எல்லாம் அந்தத் தாளிலேயே இருந்தது, ஒருவரும் சொல்லவில்லை. இரண்டு எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்க ஓர் ஆள் கவுண்டருக்குப் பின்னால் இருந்தால் இந்த இடத்துக்கு நான் ஐந்துக்கு ஆறு கொடுப்பேன்.

அதன்பிறகு வேலை சுலபம். கரைப்பான் என்றால் ஒயிலோடு கரைந்து நிற்கும், என்னைப் போன்ற சின்ன ஆளால் பிரிக்க முடியாது. உப்பு அப்படி இல்லை, அது ஒயிலில் கரையாது, தண்ணீர் எங்கே போகிறதோ அங்கே போகும். பரலை வெயிலில் நாலு நாள் வைத்து, பிறகு அறுபது எழுபது பாகை வரை மெதுவாகச் சூடாக்கி, ஆறவிட்டு, அடியிலிருந்து இறக்கினேன். பத்து லீட்டர் தண்ணீரும் அந்தப் பால் மாதிரிப் பகுதி கொஞ்சமும் வந்தது. அந்தப் பால் பகுதிதான் தொல்லை, ஒயிலில் அழுக்கைக் கழுவப் போடுகிற கல்சியச் சேர்மானம் சவர்க்காரம் மாதிரி வேலை செய்து தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. இறக்கின தண்ணீரை வடிகானில் ஊற்றக்கூடாது, ஒயில் கலந்த தண்ணீரும் அதே கழிவுப் பட்டியல்தான், தனிப் பரலில் மூடி வைத்து அதற்கென்று அனுமதி உள்ளவரிடம் கொடுத்தேன். கொழும்புக்குக் குடிதண்ணீர் அம்பத்தலையில் களனி ஆற்றிலிருந்துதான் எடுக்கிறார்கள், இதை வாசிக்கிற தொழில்காரர்கள் அதையும் ஒருதரம் யோசித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது போத்தல்: தண்ணீர் 0.6, குளோரீன் 270, சோடியம் 80. எடுத்துக்கொண்டார்கள், முழு விலைக்கு. மூன்று ரிப்போர்ட்டுக்கும் கட்டின காசைக் கழித்தால் அந்தப் பரலில் எனக்கு இலாபம் இல்லை. பரவாயில்லை.

உலோக வரிசையைப் பற்றியும் இரண்டு வார்த்தை, ஏனென்றால் புதிதாக வாசிக்கிறவர்கள் பயந்துவிடுவார்கள். நாகம் 780, பொசுபரசு 700, கல்சியம் 1,900 என்று பார்த்ததும் என் ஒயில் நஞ்சாகிவிட்டது என்று நினைத்தேன். இல்லை, இவை ஒயில் கொம்பனியே போட்டு விற்பவை, நாகமும் பொசுபரசும் தேய்மானத்தைத் தடுக்க, கல்சியம் அமிலத்தை முறிக்க. இரும்பு சிலிண்டரிலிருந்து, அலுமினியம் பிஸ்டனிலிருந்து, செம்பும் ஈயமும் வெள்ளீயமும் பேரிங்கிலிருந்து, சிலிக்கன் பெரும்பாலும் றோட்டுத் தூசி. எஞ்சின் வைத்திருப்பவன் இரும்பைப் பார்ப்பான். எரிக்கிறவன் நாகத்தையும் கல்சியத்தையும் பார்ப்பான், அவை எரிந்து போகாமல் சாம்பலாகத் தங்கி பர்னர் மூக்கை அடைக்கும். சுத்திகரிக்கிறவனுக்கு இவை எல்லாம் வெளியே தள்ள வேண்டிய குப்பை. அடிப்படை ஒயில் என்பது தேய்ந்து போகிற பொருள் இல்லை, அழுக்காகிற பொருள். வெற்றிடத்தில் காய்ச்சி வடித்தால் திரும்ப வரும், சாதாரண அமுக்கத்தில் காய்ச்சினால் கொதிக்கிறதுக்கு முன்னமே கருகி உடைந்துவிடும். ஈயம் எனக்கு 14 வந்தது. இங்கே பெற்றோலில் ஈயம் போட்டது 2002-ஓடு நின்றது. அதற்கு முந்திய பரல்களில் எவ்வளவு இருந்திருக்கும்? அப்பா அதை வெறுங்கையால் கிண்டினார், அதே கையால் வெற்றிலை மடித்துப் போட்டார்.

இந்த இடத்தில் செய்யாத சோதனை ஒன்று: பிசிபி என்கிற, குளோரீன் சேர்ந்த நச்சு இரசாயனத்துக்கானது. வெல்டிங் கடைக்காரர்கள் பழைய ட்ரான்ஸ்போமர் ஒயிலை வெல்டிங் பிளான்டில் ஊற்றி வைத்திருப்பார்கள், அது என்றைக்காவது நம் பரலுக்கு வரும். பழைய ட்ரான்ஸ்போமர் ஒயில் சிலதில் பிசிபி இருக்கும், உலகமே தடைசெய்த சாமான், இலங்கையும் 2005-இல் அந்த ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையை ஏற்றது. குளோரீன் குறைவாக இருப்பதால் பிசிபி இல்லை என்று மட்டும் நினைக்காதீர்கள். அதன் எடையில் பாதியளவுதான் குளோரீன், ஆகவே 50 பிபிஎம் பிசிபி இருந்தாலும் குளோரீன் எண்ணில் ஓர் இருபத்தைந்துதான் கூடும், 150-க்கும் 175-க்கும் யார் வித்தியாசம் பார்ப்பது? அதற்குத் தனிச் சோதனை வேண்டும். நான் வெல்டிங் கடை ஒயிலை எடுப்பதையே விட்டுவிட்டேன்.

மற்றது வடைக்கடை எண்ணெய். பொரித்து முடிந்த எண்ணெயை ஒயிலோடு கலந்து அளவு கூட்டித் தருகிற கெட்டிக்காரர்கள் நம் பக்கத்தில் உண்டு. அகச்சிவப்புக் கதிரை வைத்துப் பார்க்கிற சோதனை ஒன்று இங்கே செய்கிறார்கள், கொழுப்பு எண்ணெய்க்கு அதில் ஒரு கூர்மையான முனை எழும்பும், ஒளிக்க முடியாது. ஒருதரம் சந்தேகத்தில் கொடுத்துப் பார்த்தேன், முனை எழும்பித்தான் இருந்தது. தாளை அந்த ஆளுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இன்றுவரை இல்லை.

போகிறவர்களுக்கு. அங்கீகாரம் உள்ள ஆய்வுகூடம், ஐஎஸ்ஓ 17025 என்று சுவரில் சட்டம் போட்டிருப்பார்கள், ஆனால் அந்த அங்கீகாரம் சோதனை சோதனையாகக் கொடுப்பது, கட்டடத்துக்குக் கொடுப்பது இல்லை. இங்கே உலோகத்துக்கும் பிசுக்குமைக்கும் இருக்கிறது, குளோரீனுக்கு இல்லை, ரிப்போர்ட்டில் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டிருந்ததை மூன்றாம் முறைதான் கவனித்தேன். எண் பிழை என்று அர்த்தமில்லை, வாங்குகிறவர்களின் எண்ணோடு ஒத்துத்தான் வந்தது, ஆனால் வழக்கு வம்பு என்று போனால் அந்த நட்சத்திரம் முன்னுக்கு வரும். போத்தலை அவர்களிடமே கேட்டு வாங்குங்கள், கவுண்டருக்குப் பின்னால் வெள்ளைப் போத்தல் அடுக்கியிருக்கிறது, கேட்டால் சும்மா தருவார்கள், கேட்காவிட்டால் தர மாட்டார்கள். நான் முதல்முறை கொண்டுபோனது கழுவின சோடாப் போத்தல், அதன் அடியில் எத்தனை சொட்டுத் தண்ணீர் இருந்ததோ. உள்ளே வேலை செய்கிறவர்கள் உண்மையில் நல்ல மாதிரி, போத்தலைச் சூடாக்கிக் குலுக்கிவிட்டுத்தான் எடுக்கிறார்கள், கண்ணாடி வழியாகப் பார்த்தேன். காசு மட்டும்தான், கார்ட் எடுக்க மாட்டார்கள். பன்னிரண்டரைக்குக் கவுண்டர் சாப்பாட்டுக்கு மூடினால் ஒன்றரைக்குத்தான் திறக்கும், அந்த ஒரு மணித்தியாலம் ஒயில் மணக்கிற உடுப்போடு ஏசி அறையில் இருக்க வேண்டாம், வாசலில் இளநீர்க்காரர் நிற்பார்.